அப்பத்தா பேரில் எத்தனை சென்ட்?

ஒரு கருப்பு வெள்ளைப் படம், பின்னணியில் புல்லாங்குழல், நடுங்குகிற ஒரு குரல்: ‘நூறு வருசத்துக்கு முன்னாடி நம்ம பாட்டன் ராஜா மாதிரி வாழ்ந்தான்.’ ஐந்து ஏக்கர் தோட்டம், சொந்தக் கிணறு, ஒரு சோடி காங்கேயம் காளை, வீடு நிறைய ஆட்கள், கம்மஞ்சோறு. நோயே கிடையாது, கடனே கிடையாது. அப்புறம் யூரியா வந்துச்சு, எல்லாம் போச்சு. இந்தக் காணொளியைப் போன வாரம் மட்டும் மூன்று வெவ்வேறு குழுக்களில் பார்த்தேன். அனுப்பியவர்களில் இரண்டு பேர் மென்பொருள் வேலையில் இருப்பவர்கள். இன்னொருவர் வார இறுதியில் ‘தற்சார்பு வாழ்வியல்’ வகுப்பு நடத்துகிறவர். மூன்று பேருமே நல்லவர்கள்தான். அதனால்தான் இதற்குப் பதில் எழுத வேண்டியிருக்கிறது. கெட்டவர்கள் சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடலாம்.

பேச்சைப் பொதுவாக வைத்துக்கொண்டால் யாரும் எதையும் சொல்லலாம். அதனால் ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்கிறேன். 1900க்கும் 1940க்கும் இடைப்பட்ட கோயம்புத்தூர் மாவட்டம். இன்றைய ஈரோடு, திருப்பூர் எல்லாம் அப்போது அதற்குள்தான். ஆறு பாயாத பகுதிகளில் மழை குறைவு, காடு மேடு, கிணற்றை நம்பி ஒரு தோட்டம், வானத்தை நம்பிக் கொஞ்சம் மானாவாரிக் காடு, கிளுவை வேலிக்குள் ஆட்டுப்பட்டி. ஊருக்குள் குடியிருக்காமல் தோட்டத்திலேயே சாளை போட்டு வாழ்ந்த குடும்பங்கள். காணொளிக்காரர்களின் மனசில் இருக்கும் படம் பெரும்பாலும் இந்த ஊர்ப்படம்தான். காளையே காட்டிக் கொடுத்துவிடுகிறது.

சரி, ராஜா காலையில் என்ன செய்தார்?

கோழி கூவுவதற்கு முன்னால் எழுந்து காளைகளைக் கவலைக்குப் பூட்டினார். கவலை என்றால் கமலை. கொங்கில் அதற்குப் பெயரே கவலை. யார் வைத்த பெயரோ, பொருத்தமாகத்தான் இருக்கிறது. கிணற்று மேட்டிலிருந்து சரிந்து இறங்கும் வாரியில் காளைகள் இறங்க, வடக்கயிற்றில் கட்டிய பறி தண்ணீரோடு மேலே வரும். இறங்கும்போது பாரம் சேர ஆள் கயிற்றின்மேல் உட்கார்ந்துகொள்வான். பறி தண்ணீரைக் கொட்டியதும் காளைகள் பின்னாலேயே நடந்து மேலே ஏற வேண்டும். முன்னால் போகிற மாட்டைவிடப் பின்னால் ஏறுகிற மாட்டுக்குத்தான் வேதனை அதிகம். இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஏக்கருக்கு ஒரு அங்குல உயரம் தண்ணீர் பாய்ச்ச வேண்டுமென்றால் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் வேண்டும். பறியில் ஒரு தடவைக்கு 120 லிட்டர் வருகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 850 நடை. நடைக்கு ஒரு நிமிடம் என்றாலும் 14 மணி நேரத்துக்கு மேல். வாய்க்கால் குடித்த தண்ணீர், வெயில் குடித்த தண்ணீர் இந்தக் கணக்கில் இல்லை. ஒரு ஏக்கருக்கு, ஒரு முறைக்கு, இரண்டு நாள் உழைப்பு. சோளத்துக்கோ ராகிக்கோ இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அதற்குள் கிணறு வற்றிவிட்டால், இறங்கித் தூர்வார வேண்டும்.

கவலை ஓட்டியது ஆண். அவன் பாடு பெரும்பாடு, மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தண்ணீரைப் பாத்தி பாத்தியாகத் திருப்பிவிட்டது யார்? வாய்க்கால் ஓரத்தில் மண்வெட்டியோடு நின்ற பெண்ணோ, பள்ளிக்கூடம் போகாத பிள்ளையோதான். அவள் அதற்கு முன்பே எழுந்திருப்பாள். கம்பைத் தண்ணீர் தெளித்து உரலில் போட்டு இடித்து, தவிடு புடைத்து, மறுபடி இடித்து, அடுப்பேற்றி, கட்டுத்தரை கூட்டி, சாணி அள்ளி, பால் பீய்ச்சி, மோர் கடைந்து, அப்புறம்தான் வாய்க்காலுக்கு வருவாள். இன்றைக்குச் சிறுதானியத்தைப் பற்றிப் பேசும் எல்லோரும் நார்ச்சத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். உலக்கையைப் பற்றி ஒருத்தர்கூடப் பேசுவதில்லை. பொட்டலத்தில் வருகிற கம்பு மாவுக்கும் உரலில் கிடந்த கம்புக்கும் நடுவே ஒரு பெண்ணின் இரண்டு தோள்பட்டைகள் இருந்தன. நெல்லுச்சோறு நோம்பிக்கும் விருந்தாளிக்கும்தான். கிராமத்தில் அரிசி ஆலை வந்தபோதும் மாவு மில் வந்தபோதும் பெண்கள் யாரும் பாரம்பரியம் போச்சே என்று அழுததாக நான் எங்கும் படித்ததில்லை.

‘நோயே கிடையாது’ என்பதற்கு வருகிறேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை வைத்துப் போட்ட மதிப்பீடுகளின்படி 1901 முதல் 1921 வரை இந்தியாவில் பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு இருபது, இருபத்திரண்டு வயதை ஒட்டித்தான் இருந்தது. உடனே ஒருவர் வருவார்: ‘அது குழந்தை மரணத்தால வர்ற சராசரி சார், பொழைச்சவன் நூறு வயசு இருந்தான்.’ சராசரி என்றால் என்னவென்று தெரிந்த மாதிரியே பேசுவார். ஆமாம், குழந்தை மரணத்தால்தான். பிறந்த ஐந்து குழந்தைகளில் ஒன்று முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. அது ஒரு தாயின் உடம்பிலிருந்து வந்த குழந்தை இல்லையா? உங்கள் ராஜ வாழ்க்கைக் கணக்கில் அதைக் கழித்துவிடலாம் என்று யார் அனுமதி கொடுத்தது? நூறு வயது தாத்தாவைப் பற்றிப் பேச ஒரு பேரன் இருக்கிறான். எட்டாவது பிரசவத்தில் செத்துப்போன பெண்ணைப் பற்றிப் பேச அப்படி யாரும் கிடைப்பதில்லை. தாத்தாவுக்கு இரண்டாம் தாரம் கட்டி வைத்திருப்பார்கள், கதை அந்தக் கிளையில் தொடர்ந்திருக்கும். கோவையில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில் இருக்கிறது. அந்தச் சாமிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அந்தப் பக்கம் போகும்போது யோசித்துக்கொள்ளுங்கள். 1918இல் பருவமழையும் பொய்த்தது, இன்ஃப்ளூயன்சா காய்ச்சலும் வந்தது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேல் செத்தார்கள். அதே ஆண்டு சென்னை மாகாணத்தில் தானியக் கடைகளும் கிடங்குகளும் சூறையாடப்பட்டன. எல்லார் வீட்டுக் குதிரும் நிறைந்திருந்தால் கடையை ஏன் உடைக்க வேண்டும்?

அடுத்தது கடன். இங்கேதான் ‘தற்சார்பு’ என்ற சொல் எனக்குத் தொண்டையில் சிக்குகிறது. ரயத்துவாரி ஊரில் அரசுக்குத் தீர்வை கட்ட வேண்டும். தானியமாக இல்லை, பணமாக. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஏக்கருக்கு இவ்வளவு என்று எழுதி வைத்திருப்பான். தள்ளுபடி கிடைப்பது அதிகாரியின் தயவு. கட்டாவிட்டால் 1864ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டப்படி அசையும் சொத்தையும் நிலத்தையும் ஜப்தி செய்து ஏலம் விடலாம். ஆகவே அறுவடை முடிந்த கையோடு, விலை ரொம்பத் தாழ்ந்திருக்கும் நேரத்தில், விற்க வேண்டும். அதற்காகவே பருத்தி. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் கம்போடியா ரகப் பருத்தி வந்ததும் கிணறு இருந்தவர்கள் எல்லாம் அதற்குத் தாவினார்கள். திருப்பூரின் அரவை ஆலைகள் அந்தப் பருத்தியை நம்பி வளர்ந்தன. உப்பை வரியோடு சேர்த்துக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். மண்ணெண்ணெய்யும் அப்படித்தான். கயிறு, கலப்பைக்கொழு, மாடு, சீர், எழவு, எல்லாம் பணம்தான். இந்த ‘தற்சார்பு’க் குடும்பம் பம்பாய்ப் பருத்தி விலையோடு கட்டப்பட்டிருந்தது.

கடனே இல்லாத நாட்டில் கடன் சங்கம் எதற்கு? கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை 1887இல் தொகுத்த அதே ஃப்ரெடரிக் நிக்கல்சன்தான் பிறகு சென்னை அரசுக்காக விவசாயிகளின் கடனைப் பற்றி இரண்டு பெரிய அறிக்கைகள் எழுதினார். ஜெர்மனியில் ரைஃபைசன் நடத்திய கூட்டுறவுச் சங்கங்கள் போல இங்கும் வேண்டும் என்றார். அதன் தொடர்ச்சியாக 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அப்புறமும் தீரவில்லை. 1930களின் தொடக்கத்தில் உலக மந்தத்தில் விளைபொருள் விலை ஏறத்தாழப் பாதியாக விழுந்தது. வாங்கிய கடனும் கட்ட வேண்டிய தீர்வையும் மட்டும் அப்படியே நின்றன. 1938இல் ராஜாஜி அமைச்சரவை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. இதெல்லாம் யூரியாவுக்கு வெகுகாலம் முன்னால்.

அந்த மந்தத்தில் முதலில் கரைந்தது எது தெரியுமா? நகை. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்கத் திட்டத்தைக் கைவிட்டதும் ரூபாய்க் கணக்கில் தங்கத்தின் விலை ஏறியது. அடுத்த சில ஆண்டுகள் இந்தியாவிலிருந்து தங்கம் கப்பல் கப்பலாக வெளியே போனது. அதில் பெரும்பங்கு நெருக்கடியில் விற்ற நகை என்று அன்றைக்கே சண்டை நடந்தது, ‘நெருக்கடித் தங்கம்’ என்று அதற்கு ஒரு பெயரும் விழுந்தது. கழுத்திலும் காதிலும் இருந்ததுதான் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண்ணுக்குத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்த ஒரே சொத்து. அதிலும் சாஸ்திரம் ஒரு சந்து வைத்திருந்தது: பஞ்சத்திலும் நோயிலும் கணவன் மனைவியின் சீதனத்தை எடுத்துச் செலவழித்தால் திருப்பித் தரக் கட்டாயம் இல்லை. நிலம் மீண்டது. மீண்ட நிலத்தின் பட்டாவில் அவள் பெயர் இல்லை.

இனிமேல்தான் விஷயத்துக்கே வருகிறேன். மேலே சொன்ன பாடெல்லாம் ஏழ்மை, வெள்ளைக்காரன், வானம் என்று மூன்று பேர் தலையில் போட்டுவிடலாம். கூட்டுக் குடும்பத்தை அப்படிப் போட முடியாது. அது நாமே செய்தது.

‘அப்பெல்லாம் அண்ணன் தம்பி ஒண்ணா இருந்தாங்க.’ இருந்தார்கள். மிதாட்சர முறையில் பாகம் பிரியாத குடும்பத்தில் ஒருவன் ஆண் வாரிசு இல்லாமல் செத்தால் அவன் பங்கு எஞ்சிய ஆண்களுக்குப் போய்ச் சேரும். அவன் மனைவிக்கு ஜீவனாம்சம். அதாவது சோறும் துணியும் இருக்க இடமும். நேற்று வரை தன் தோட்டம் என்று பாத்தி கட்டியவள் இன்று வெள்ளைச் சீலையோடு கொழுந்தன் வீட்டுச் சோற்றுக்கு நிற்பாள். வேலை மட்டும் மாறாது. சொல்லப்போனால் கூடும். விடியற்காலையில் அவள் எதிரே வரக்கூடாது, ஆனால் அவள் இடித்த கம்பு வரலாம். மகன் இல்லாமல் மகள் மட்டும் இருந்தால் அந்த மகளுக்கும் நிலம் கிடையாது. ஒற்றுமை ஒற்றுமை என்கிறார்களே, பாதிப் பேருக்குப் பங்கே இல்லாத இடத்தில் ஒற்றுமையாக இருப்பது அவ்வளவு கஷ்டமா என்ன?

ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942இல் வந்தது. தமிழின் முதல் வட்டார நாவல் என்று பாடப்புத்தகம் சொல்லும், தேர்வுக்கு அவ்வளவு போதும் என்று நாமும் விட்டுவிடுவோம். கொங்குக் கிராமத்தில் புருசனை இழந்த ஒருத்தி, கொழுந்தன் குடும்பத்தோடு இருந்துகொண்டே ‘என் பங்கைப் பிரிச்சுக் குடு’ என்று நிற்கிறாள். அது ரத்தத்தில் முடிகிறது. பலர் அதை ஒரு அடங்காத பெண்ணின் கதையாகப் படித்திருக்கிறார்கள், கெட்ட சகவாசம் குடும்பத்தைக் கெடுத்த கதை என்று. நாவல் வந்த ஆண்டைச் சட்டத்தோடு வைத்துப் பாருங்கள். 1937இல் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் வந்து, கைம்பெண்ணுக்குக் கணவனின் பங்கில் ஆயுள்கால உரிமை கொடுத்தது. நல்லது. ஆனால் விவசாய நிலம் மாகாணங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது, மத்திய சட்டமன்றம் போட்ட அந்தச் சட்டம் அதைத் தொடாது என்று கூட்டாட்சி நீதிமன்றம் 1941இல் சொல்லிவிட்டது. நிலம்தான் சொத்தே என்றிருந்த நாட்டில் நிலத்தைத் தவிர மற்றதில் உரிமை! சென்னை மாகாணம் அதை விவசாய நிலத்துக்கு நீட்டிக்க 1947 ஆனது. ஆக, அந்த நாவலை 1942இல் வாங்கிப் படித்த வாசகனின் ஊரில் நாகம்மாளுக்குத் தோட்டத்தில் சட்டப்படி ஒரு சென்ட்கூட கிடையாது. அவளுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே வழி சண்டை. அதைத்தான் அவள் போட்டாள்.

அந்த வீட்டின் ‘குடும்பம்’ என்ற சொல்லுக்குள் வராத இன்னொருவர் உண்டு. சின்னப் பண்ணயம்கூடக் குடும்ப உழைப்பால் மட்டும் ஓடவில்லை. கொஞ்சம் வசதியுள்ள தோட்டங்களில் வருசத்துக்கு இவ்வளவு தானியம், தினம் சோறு, ஒரு துணி என்று பேசி ஒரு மாதாரிப் பையனை ஆடு மேய்க்க விட்டிருப்பார்கள். அப்பன் வாங்கிய முன்பணத்துக்கு மகன் ஆடு மேய்ப்பான். அது என்ன வாழ்க்கை என்று தெரிய வேண்டுமானால் பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யைப் படியுங்கள். நாவலின் காலம் பின்னாடி, ஏற்பாடு பழசுதான். கவலையின் தோலைத் தைத்தது அந்தப் பையனின் அப்பன். அவன் கை பட்ட தோலில்தான் தோட்டம் முழுக்கத் தண்ணீர் பாய்ந்தது. அவன் கை ஊர்க் குடிதண்ணீர்க் கிணற்றுக் கயிற்றைத் தொடக்கூடாது. அந்தத் தோல் எப்படித் தீட்டு இல்லாமல் போனது என்று எந்தப் ‘பாரம்பரிய அறிவு’ வகுப்பிலும் யாரும் கேட்கக் காணோம். அந்தப் பையனின் குடும்பத்தில் சிலர் ஆனைமலைக் காட்டுத் தேயிலைக்குப் போனார்கள். மற்ற மாவட்டங்களில் லட்சக்கணக்கானவர்கள் கங்காணி பின்னால் இலங்கைக்கும் மலேயாவுக்கும் போனார்கள். அட்டைக்கடிக்கும் காய்ச்சலுக்கும் நடுவே போய் வேலை செய்யத் துணிகிற அளவுக்கு ஊர் இருந்தது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இந்தக் காணொளியைப் பகிர்வதை நான் பார்த்ததில்லை.

அப்போ அன்றைய விவசாயத்தில் ஒண்ணுமே நல்லது இல்லையா என்பீர்கள். இருந்தது, நிறையவே இருந்தது. கம்போடு தட்டைப்பயறும் அவரையும் கலந்து விதைத்தது, கொறங்காட்டைச் சுழற்சியில் மேயவிட்டது, பட்டி போட்டு நிலத்துக்கு உரமேற்றியது. இவை உண்மையான அறிவு, இன்றைக்கும் உதவும். ஆயிரம் அடிக்கு ஆழ்துளை போட்டு வெறும் புகையைப் பார்க்கிற நாம் அந்தக் கிணற்றுக்காரனைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கப்படலாம்தான். ஆனால் 1932இல் பைக்காரா மின்சாரம் வந்து கிணற்றில் மோட்டார் ஓட ஆரம்பித்ததும் கவலையை மூட்டை கட்டியவர்களை ஏமாளி என்று சொல்லாதீர்கள். 850 நடை நடந்தவனுக்கு அதன் அருமை தெரியும். இன்னொன்று, அந்த அறிவில் பெரும்பகுதி யார் கையில் இருந்தது? எந்தக் கதிரை விதைக்கு ஒதுக்குவது, சாம்பல் போடுவதா வேப்பிலை போடுவதா, எந்தப் பானைக்கு எப்போது மண் பூசி மூடுவது, இதெல்லாம் வீட்டுப் பெண்களின் வேலை. விதை அவளுடையது, விதைத்த மண் அவளுடையது இல்லை. அறிவை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த ஏற்பாட்டைக் கழற்றிவிடலாமே, அதில் எனக்குச் சண்டையே இல்லை. காணொளிகள் செய்வது நேர்மாறு. விதை வைக்கத் தெரியாது, ஏற்பாட்டைக் கும்பிடத் தெரியும்.

பழசை நினைத்து உருகினால் உனக்கென்ன என்று கேட்பவர்களுக்கு: உருகுவதோடு நின்றால் எனக்கு ஒன்றுமில்லை. நிற்பதில்லை. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. அப்போதே கல்யாணமாகியிருந்த பெண்களை அந்தத் திருத்தம் வெளியே நிறுத்தியது. 2005இன் மத்தியத் திருத்தம் அந்தத் தடையை வைக்கவில்லை, அப்பா 2005இல் உயிரோடு இருந்திருக்க வேண்டியதும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தெளிவாகவே சொல்லிவிட்டது. சட்டம் நூறு வருசம் நடந்து இங்கே வந்திருக்கிறது. ஆனால் புறவழிச்சாலை வந்து காட்டுக்கு விலை ஏறியதும் தங்கச்சியைக் கூப்பிட்டு உட்கார வைத்து என்ன பேசுகிறார்கள்? ‘அந்தக் காலத்துல அத்தையெல்லாம் பங்கா கேட்டாங்க? சீரு செஞ்சு அனுப்புனோம், நோம்பி நொடிக்கு வந்தாங்க, போனாங்க. எழுதிக் குடுத்துரு அம்மிணி, அண்ணன் வேணுமா காடு வேணுமா?’ புல்லாங்குழல் இல்லை, மற்றபடி அதே காணொளிதான். அந்த அத்தைகளுக்குக் கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். கேட்காதது அவர்களுடைய பெருந்தன்மை ஆகிவிட்டது. மறுவாரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம். அதில் ‘மனப்பூர்வமாக’ என்ற சொல் எங்காவது ஒரு வரியில் இருக்கும்.

அடுத்த முறை குடும்பக் குழுவில் அந்தக் காணொளி வந்தால், கீழே ஒரே ஒரு கேள்வி போடுங்கள்: நம்ம அப்பத்தா பேரில் எத்தனை சென்ட் இருந்தது? அதற்கு யாரும் பதில் போட மாட்டார்கள், யாராவது பூ வைத்துக் குட்மார்னிங் அனுப்பி மேலே தள்ளிவிடுவார்கள். பரவாயில்லை. பட்டாவும் வில்லங்கச் சான்றும் இப்போது இணையத்திலேயே பார்க்கலாம், சர்வே எண் தெரிந்தால் போதும். எண் தெரியாதென்றால் அம்மாவைக் கேளுங்கள். பாத்தி கட்டியவளுக்குத் தெரிந்திருக்கும்.